போட்டோவில் நிழலை அழிக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, மொபைலிலும் டிஜிட்டல் கேமராவிலும் இருக்கும் போட்டோக்களை எல்லாம் அதில் கொண்டு வந்து கொட்டுவது. பெரிய திரையில் குடும்பத்தினரின் முகங்களைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அடுத்து என்ன செய்கிறோம்? ஏதாவது ஒரு போட்டோ சாஃப்ட்வேரில் படத்தைத் திறந்து, 'ஆட்டோ' அல்லது 'என்ஹான்ஸ்' என்று எழுதியிருக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டுகிறோம். முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. 'ஆஹா' என்று சொல்லி சேவ் செய்துவிடுகிறோம்.

அந்த ஒரு க்ளிக்கில் பல நேரம் காணாமல் போவது நிழல். நிழல் போனால் முகத்தில் இருந்த உணர்ச்சியும் கூடவே போய்விடுகிறது. விலை உயர்ந்த கேமரா, ஃப்ளாஷ், ஸ்டுடியோ விளக்கு எதுவும் இல்லாமல், வீட்டு ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒரு முகத்தை எப்படி எடுப்பது, எடுத்த படத்தை நிழல் கெடாமல் கம்ப்யூட்டரில் எப்படிச் சீர்செய்வது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் ஆதார் கார்டையோ பாஸ்போர்ட்டையோ எடுத்து அதில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நேர் எதிரிலிருந்து வெளிச்சம், முகம் முழுக்க ஒரே அளவு. மூக்குக்கு உயரம் இல்லை, கன்னத்துக்கு வளைவு இல்லை. அந்தப் படத்தின் வேலைக்கு அது சரிதான். ஆளை அடையாளம் தெரிந்தால் போதும், அவர் என்ன நினைக்கிறார் என்பது அரசாங்கத்துக்குத் தேவையில்லை.

இப்போது அந்த வெளிச்சத்தை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்னம் ஒளியில் இருக்க, மூக்கின் நிழல் மறு கன்னத்தில் விழுகிறது. நெற்றிச் சுருக்கங்கள் எழுந்து நிற்கின்றன. முகத்தில் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. தெரியாத பாதியை நம் மனம் நிரப்பிக்கொள்ள முயல்கிறது. அவர் எதையோ யோசிக்கிறார், எதையோ சொல்லாமல் இருக்கிறார் என்று தோன்றுவது அங்கேதான்.

வெளிச்சம் உச்சியிலிருந்து வந்தால் கதை வேறு. புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண்குழி கறுத்துவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் எடுத்த படங்களில் எல்லோரும் கோபமாக இருப்பது போல் தெரிவதற்குக் காரணம் இதுதான். இதையே வேண்டுமென்று பயன்படுத்தியவர்களும் உண்டு. 'தி காட்பாதர்' (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவுக்கு மேலிருந்து விளக்கு வைத்தார். பல காட்சிகளில் அவர் கண்ணே தெரியாது. அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் பிடிபடாமல் இருப்பதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். அது செயற்கை விளக்குதான், ஆனால் விதி ஒன்றுதான்.

கீழிருந்து வரும் வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனபோது தாடைக்குக் கீழே டார்ச் அடித்துப் பயமுறுத்தாத பையன் உண்டா?

கோழிக் கூண்டில் ஒரு ஸ்டுடியோ

இயற்கை வெளிச்சத்தில் முகங்களை எடுத்தவர்களில் நான் அடிக்கடி திரும்பப் பார்ப்பது ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற பெண்மணியின் படங்களை. (கேமரூன் என்பது கணவர் வழி வந்த பெயர், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ல் இங்கிலாந்தில் இருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. வீட்டிலிருந்த கோழிக் கூண்டைக் காலி செய்து, கண்ணாடி வைத்த அறையாக மாற்றி, அதையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார்.

மின்விளக்கு இல்லாத காலம். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து முடிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அவர் செய்தது என்ன? எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை விடாமல், வேண்டாத பக்கத்தைத் துணியால் மறைத்தார். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டார்.

1867ல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் தளத்தில் கேமரூனின் படங்கள் நிறைய இருக்கின்றன. ஹெர்ஷல் சாதாரண ஆள் இல்லை. வானியல் அறிஞர். போட்டோ வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்தும் ரசாயனத்தைச் சொன்னவர். 'நெகடிவ்', 'பாசிடிவ்' என்ற சொற்களைப் போட்டோவுக்குப் பயன்படுத்தத் தொடங்கியவரும் அவர்தான். அவ்வளவு பெரிய மனிதரின் படத்தில் புத்தகம் இல்லை, டெலஸ்கோப் இல்லை, மேஜை இல்லை. கறுப்புப் பின்னணி, கறுப்பு உடை, நரைத்த முடியில் ஒளி, பாதி இருட்டில் கரையும் முகம், நம்மைப் பார்க்கும் இரண்டு கண்கள். அவ்வளவுதான்! வயதான ஒரு மனிதரின் களைப்பும் அறிவும் அதில் தெரிகிறது. நிழலை எடுத்துவிட்டால் அது நரைத்த முடி கொண்ட ஒரு தாத்தாவின் படமாக மட்டும் இருக்கும்.

படம் தெளிவாக இல்லை என்று அன்றைய போட்டோ பத்திரிகைகள் கேமரூனைக் குறை சொல்லின. அவர் கண்டுகொள்ளவில்லை. 1875ல் கணவருடன் இலங்கைக்குக் குடிபோய், அங்கும் உள்ளூர் மக்களைப் படம் எடுத்து, 1879ல் அங்கேயே இறந்தார்.

நம் வீட்டு ஜன்னல்

கோழிக் கூண்டு தேவையில்லை, ஒரு ஜன்னல் போதும். ஆனால் ஜன்னலுக்குள் நேரடி வெயில் விழக்கூடாது. வானத்தில் சூரியனின் அகலம் வெறும் அரை டிகிரி. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி, கத்தியால் வெட்டியது போன்ற நிழலைத் தரும். ஜன்னல் கம்பிகளின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழும். அதே ஜன்னலில் வெயில் இல்லாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் வந்தால், முழு ஜன்னலும் ஒரு பெரிய விளக்காக வேலை செய்யும். நிழலின் ஓரம் மென்மையாகக் கரையும்.

மேல்நாட்டுப் புத்தகங்கள் 'வடக்கு ஜன்னலைத் தேடு' என்று சொல்லும். அவர்களுக்குச் சூரியன் தெற்கு வானத்தோடு போய்விடும். நமக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்து போகும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள்ளும் வெயில் சாய்வாக நுழையும். அதனால் புத்தகத்தை நம்பாமல் உங்கள் வீட்டைக் கவனியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, எந்த ஜன்னலில் எப்போது வெயில் விலகுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து, அறையில் இருக்கும் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் வேறு வேறு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் வரும். கம்ப்யூட்டரில் அதைச் சரி செய்வது பெரிய தலைவலி. அதோடு, நாம் பாடுபட்டு உண்டாக்கும் நிழலையும் ட்யூப் லைட் நிரப்பிவிடும்.

பழைய வீடுகளில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவு வைத்த மர ஜன்னல் இருக்கும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி! கீழ்க் கதவுகளை மூடி மேல் கதவுகளை மட்டும் திறந்தால், ஒளி சற்று மேலிருந்து சாய்வாக இறங்கும். மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருட்டான பக்கத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய முக்கோணம் மட்டும் ஒளியில் நிற்கும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்த முகங்களில் இதை நிறையப் பார்க்கலாம். போட்டோகிராபர்கள் இன்றும் இதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். புது வீடு என்றால், ஜன்னலின் கீழ்ப் பாதியில் ஒரு கனமான துண்டைக் கட்டினால் அதே வேலை நடக்கும்.

ஆள் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்? சிறிய விளக்காக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஜன்னல் பெரியது என்பதால் கணக்கு அவ்வளவு கறாராக இருக்காது, ஆனால் போக்கு அதுதான். ஜன்னலிலிருந்து இரண்டடியில் ஆளை உட்கார வைத்தால் முகம் ஒளியில் இருக்கும், பின்னால் தள்ளியிருக்கும் சுவரும் காலண்டரும் டிவி ஸ்டாண்டும் இருட்டுக்குள் போய்விடும். பின்னணியை ஒழுங்குபடுத்தும் வேலையே மிச்சம். எட்டடி தள்ளி உட்கார வைத்தால் முகமும் சுவரும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கலாக இருக்கும்.

நிழல் அதிகமாகிவிட்டால் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து, இருட்டான பக்கத்தில் யாரையாவது பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். ஜன்னல் ஒளி வேட்டியில் பட்டுத் திரும்பி நிழலை இளக்கும். 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வெள்ளைத் துணியில் விளக்கைத் திருப்பியடித்துத்தான் முற்றத்துப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். நிழல் போதவில்லை என்றால் வேட்டிக்குப் பதில் விரித்த கறுப்புக் குடை. அறையில் சுற்றித் திரியும் வெளிச்சத்தைக் குடை விழுங்கிவிடும். இன்னொரு விஷயம். சுவரில் அடித்திருக்கும் பெயின்டும் முகத்தில் எதிரொலிக்கும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கன்னத்து நிழல் பச்சையாக வரும். அப்போதும் அந்தக் கறுப்புக் குடையைச் சுவருக்கும் முகத்துக்கும் நடுவில் பிடியுங்கள்.

நீங்கள் எங்கே நிற்பது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உணர்ச்சி மாறுவது இங்கேதான்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்று, அவரை ஜன்னலைப் பார்க்க வைத்து எடுத்தால் முகம் முழுக்க மெல்லிய ஒளி. குழந்தைகளுக்கும் சிரிப்புக்கும் இது நன்றாக இருக்கும். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி நின்றால், பாதி ஒளி பாதி நிழல். அவர் தலையை லேசாக ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் அறையின் உட்பக்கம் நகர்ந்தால், கேமராவுக்கு நெருக்கமாக இருப்பது முகத்தின் இருட்டுப் பக்கம், ஒளி தூரத்துக் கன்னத்தில். மௌனத்துக்கும் யோசனைக்கும் ஏற்ற வெளிச்சம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். வெறுமனே ஆளை நிற்க வைத்துவிட்டு நீங்கள் அரை வட்டமாகச் சுற்றி வந்து பாருங்கள். ஒரே முகம் ஐந்து முகமாகத் தெரியும்.

நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், கேமராவுக்கு அந்த அளவு முடியாது. நமக்கு லேசாகத் தெரியும் நிழல் படத்தில் நன்றாகக் கறுத்துவிடும். அதனால் எடுப்பதற்கு முன் கண்ணைப் பாதி மூடி, இடுக்கிக்கொண்டு முகத்தைப் பாருங்கள். கேமரா பார்க்கப் போவது ஏறக்குறைய அதுதான்.

கண்ணில் ஜன்னலின் சிறிய பிரதிபலிப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். அந்த வெள்ளைப் புள்ளி இல்லாத கண் உயிரில்லாமல் இருக்கும். தாடையை அரை அங்குலம் தூக்கச் சொன்னால் வந்துவிடும். துக்கத்தையும் தனிமையையும் காட்ட வேண்டுமென்றால் அந்தப் புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிடலாம்.

இயற்கை வெளிச்சத்துக்குப் பெயர் பெற்றவர் பாலு மகேந்திரா. அவருடைய 'வீடு' (1988) படத்தை ஒருமுறை கதைக்காக இல்லாமல் வெளிச்சத்துக்காகப் பாருங்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் முகம் தனிப் பாடம்.

அப்பத்தாவின் படம்

எங்கள் ஊர் வீட்டில் அப்பத்தாவை இப்படி எடுத்தேன். மாலை நாலரை மணி, கிழக்கு ஜன்னல், வெயில் வீட்டுக்குப் பின்னால் போய்விட்ட நேரம். போட்டோ என்றதும் அப்பத்தா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் கேமராவை மடியில் வைத்துவிட்டு, "தாத்தாவ மொத மொதல்ல எங்க அப்பத்தா பாத்தே?" என்று கேட்டேன். "போடா, இப்ப எதுக்கு அந்தக் கத" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்தத் திரும்பலில்தான் படம் கிடைத்தது. நெற்றியும் மூக்கும் ஒரு கன்னமும் ஒளியில், தோடு ஒரு புள்ளியாக மின்ன, மற்றதெல்லாம் இருட்டில்.

லேப்டாப்பில் போட்டதும் சித்தப்பா மகன் ஆர்வத்தில் ஆட்டோ பட்டனைத் தட்டிவிட்டான். முகம் முழுக்க வெளுத்தது, சுருக்கம் குறைந்தது, பின்னால் இருந்த பிளாஸ்டிக் குடம் வரைக்கும் தெரிந்தது. அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருடா, கல்யாண வீட்டுக்குக் கெளம்புனவ மாதிரி?" என்றது. பழைய படத்தைக் காட்டியதும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

வயதான ஒருவர் இறந்ததும் பல வீடுகளில் அவசரமாக நடப்பது என்ன தெரியுமா? படம் தேடுவது. கல்யாண குரூப் போட்டோவின் மூலையிலிருந்து தலையை வெட்டி எடுப்பார்கள், இல்லையென்றால் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்குவார்கள். டிசைன் போடுபவர் அதை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னணியில் நீல வானம் வைத்துவிடுவார். அதுதான் பேனரிலும், பிறகு நடு வீட்டுச் சுவரிலும் மாட்டப்படும். பேரப் பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் தாத்தா. ஒரு ஜன்னலும் பத்து நிமிடமும் இருந்தால் இதைத் தவிர்க்க முடியும்.

கறுத்த முகமும் கேமராவும்

கேமரா எப்படி வெளிச்சத்தை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடிப்படையில் அது காட்சியின் சராசரியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. பின்னணி இருட்டாக இருந்தால், 'ஐயோ, இருட்டு' என்று நினைத்து எல்லாவற்றையும் தூக்கிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகும். பின்னால் ஜன்னல் இருந்தால் நேர்மாறாக முகம் கரியாகிவிடும். இன்றைய மொபைல்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. ஆனால் அவற்றுக்கு எல்லா முகமும் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் உண்டு.

இந்த எண்ணம் புதிதல்ல. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷர்லி கார்டு' என்று பெயர். அதில் பல ஆண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்தத் தோல் சரியாகத் தெரிந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று கணக்கு. மற்ற நிறத்தவர்களைப் பற்றி அந்தக் கார்டுக்குக் கவலை இல்லை. இன்று மொபைலில் இருக்கும் 'பியூட்டி' மோடு முகத்தை வெளுக்க வைக்கும்போது எனக்கு அந்தக் கார்டுதான் நினைவுக்கு வரும்.

கறுத்த முகத்தை அழகாக எடுக்க வெளுப்பாக்க வேண்டியதில்லை. கறுத்த தோலில் வடிவம் தெரிவது பெரும்பாலும் பளபளப்பால். ஜன்னல் ஒளி கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் வழுக்கிப் போகும் அந்தப் பளபளப்புக் கோடு இருந்தால் போதும், மற்றது கறுப்பாகவே இருக்கட்டும். பவுடர் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவுடர் முதலில் கொல்வது இந்தப் பளபளப்பைத்தான்.

மொபைலில் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். பியூட்டி மோடை ஆஃப் செய்யுங்கள். 'எச்.டி.ஆர்' என்ற வசதி பல படங்களை ஒன்றாகச் சேர்த்து நிழலைத் தூக்கிக் காட்டும். உங்கள் மொபைலில் அதை ஆஃப் செய்ய வழி இருந்தால் ஆஃப் செய்யுங்கள். திரையில் முகத்தின் வெளிச்சமான கன்னத்தை விரலால் தொடுங்கள். பல மொபைல்களில் தொட்ட இடத்தின் பக்கத்தில் ஒரு சூரியன் அடையாளம் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருட்டாகும். வெளிச்சமான கன்னத்தில் தோலின் துளைகள் தெரியும் வரை இழுங்கள். நிழல் கறுத்தால் கறுக்கட்டும். கேமராவாக இருந்தால் ப்ளஸ் மைனஸ் அடையாளம் போட்ட பட்டனை அழுத்தி மைனஸ் ஒன்று வரை வைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

படத்தை டேட்டா கேபிள் மூலம் காப்பி செய்வது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், படம் சுருங்காமல் வரும். வந்ததும் 'ஒரிஜினல்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் ஒரு காப்பியை வைத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். ஜேபெக் படத்தைத் திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் திருத்தித் திருத்தி சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும்.

இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது 'கிம்ப்'. 1996ல் முதலில் வெளியான இலவச சாஃப்ட்வேர். அதன் மூன்றாம் பதிப்பு 2025ல் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்.

ஆட்டோ பட்டன் என்ன செய்கிறது? சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் மந்திரம் எதுவும் இல்லை. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கிம்ப்பின் ஆட்டோ 'ஒயிட் பேலன்ஸ்' போன்றவை, ஒவ்வொரு நிறத்திலும் மிகக் குறைந்த எண்ணை 0க்கும் மிக அதிகமான எண்ணை 255க்கும் இழுத்து நீட்டுகின்றன. மாலை வெளிச்சத்தின் மஞ்சள் ஏன் காணாமல் போகிறது என்று இப்போது புரிகிறதா? நீலம் குறைவாக இருப்பதைப் பிழை என்று நினைத்து நிரப்பிவிடுகிறது. மொபைல்களில் வரும் புதிய 'என்ஹான்ஸ்' வசதிகள் இன்னும் கெட்டி. முகம் எது என்று தெரிந்துகொண்டு, குறிப்பாக அதைத் தேடிப் போய் வெளுக்க வைக்கும். எதற்கும் அந்த நிழல் வேண்டுமென்று விழ வைத்தது என்று தெரியாது.

நாம் கையாலேயே செய்வோம். படத்தைத் திறந்து 'கலர்ஸ்' மெனுவில் 'கர்வ்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டமும், அதில் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலை வரை ஒரு சாய்ந்த கோடும் வரும். கோட்டின் இடது பகுதி படத்தின் இருட்டு, வலது பகுதி வெளிச்சம். பின்னால் மலை போல் தெரிவது ஹிஸ்டோகிராம். படத்தில் எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு அது. ஜன்னல் வெளிச்சப் படத்தில் மலை இடது பக்கமாகக் குவிந்திருக்கும். 'படம் சரியில்லை போலிருக்கிறதே' என்று பயப்பட வேண்டாம், நமக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். வலது ஓரத்தில் சுவரில் மோதியது போல் ஒரு குவியல் நின்றால்தான் கவலை. கன்னமோ நெற்றியோ முழு வெள்ளையாகிவிட்டது என்று அர்த்தம், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கோட்டின் இடது கால் பகுதியில் க்ளிக் செய்து, அந்தப் புள்ளியைத் துளி கீழே இறக்குங்கள். வலது கால் பகுதியில் க்ளிக் செய்து துளி மேலே ஏற்றுங்கள். துளி என்றால் துளிதான்! கோடு லேசாக வளைந்து நிற்கும். நிழல் ஆழமாகும், ஒளி எழும். 'ப்ரிவ்யூ' டிக்கை எடுத்தும் போட்டும் ஒப்பிட்டுப் பார்த்து ஓகே கொடுங்கள். கறுத்த பக்கத்தில் கண்ணின் வடிவம் கொஞ்சமாவது தெரிய வேண்டும். அது முழுவதும் மூழ்கிவிட்டால் இடது புள்ளியைச் சற்று மேலே விடுங்கள்.

பின்னணியில் ஒரு வெள்ளைக் காலண்டரோ, பிளாஸ்டிக் நாற்காலியோ கண்ணைப் பறித்தால், 'டாட்ஜ்/பர்ன்' டூலை எடுத்து 'பர்ன்' தேர்ந்தெடுங்கள். 'எக்ஸ்போஷர்' 10 அல்லது 15 போதும். பெரிய பிரஷ்ஷால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் அது இருட்டுக்குள் போகும். முகத்தில் இந்த டூலைப் பயன்படுத்தாமல் இருப்பது உத்தமம்.

கறுப்பு வெள்ளையாக மாற்ற ஆசையா? 'கலர்ஸ்' மெனுவில் 'டீசாச்சுரேட்' போய் 'மோனோ மிக்ஸர்' தேர்ந்தெடுங்கள். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். தோலில் சிவப்பு அதிகம் என்பதால், சிவப்பைக் கூட்டினால் முகம் வெளுத்து வழவழப்பாகும். பச்சையைக் கூட்டினால் சுருக்கமும் தழும்பும் எழுந்து வரும். அப்பத்தாவின் படத்துக்கு நான் பச்சையைத்தான் கூட்டினேன். மூன்றின் கூட்டுத்தொகை ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் படத்தின் மொத்த வெளிச்சம் மாறாது.

சேவ் செய்யும்போது கிம்ப் தன்னுடைய எக்ஸ்சிஎஃப் வடிவில்தான் சேவ் செய்யும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் போட 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் அஸ்' கொடுத்து, வேறு பெயரில், 'குவாலிட்டி' 90க்குக் குறையாமல் ஜேபெக் ஆக்குங்கள். 8க்கு 10 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2400க்கு 3000 புள்ளிகள் இருந்தால் நன்றாக வரும்.

கடைசி ஆபத்து லேபில் இருக்கிறது. அங்கே உள்ள மெஷினிலும் ஆட்டோ உண்டு, ஆபரேட்டரும் நல்ல எண்ணத்தில் முகத்தைத் தூக்கிவிடுவார். "கரெக்ஷன் எதுவும் போடாம, இருக்கிற மாதிரியே எடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மானிட்டர்களில் பிரைட்னஸ் அதிகமாக வைத்திருப்பதால், திரையில் பார்த்ததைவிடப் பேப்பரில் சற்று இருட்டாகத்தான் வரும். அதனால் பெரிய பிரிண்டுக்குப் பணம் கட்டும் முன், 4க்கு 6 அளவில் ஒன்று மட்டும் போட்டு வாங்கி, வீட்டில் படத்தை எங்கே மாட்டப் போகிறீர்களோ அந்தச் சுவரில் வைத்துப் பாருங்கள். நிழல் பக்கத்துக் கண் அங்கே தெரியவில்லை என்றால், கர்வ்ஸில் இடது புள்ளியை இன்னும் துளி ஏற்றிவிட்டு மறுபடி ஒன்று எடுங்கள்.